கொடுப்பவரும் கேட்பவரும்: யாழ்ப்பாணப் பாடசாலைகளின் நிர்வாக சபைகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்தப் பழைய பாடசாலைக்குள் நுழைந்தாலும் சுவர்களில் பெயர்களைக் காணலாம். மண்டபத்துக்கு ஒருவர், நூலகத்துக்கு ஒருவர், கிணற்றுக்கு ஒருவர் என்று கல்வெட்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். அந்தப் பெயருக்குரியவர்களில் பலர் பணம் கொடுத்ததோடு நின்றவர்கள் அல்லர். காணி தேடியவர்கள், ஆசிரியரைத் தெரிந்தெடுத்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், கல்வித் திணைக்களத்தோடு ஆண்டுக்கணக்கில் கடிதத்தால் வாதாடியவர்கள். இவை எல்லாவற்றையும் ஒரு சதம் ஊதியம் பெறாமல் செய்தவர்கள்.

இன்றும் கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் பழைய மாணவர் பணம் அனுப்புகிறார்கள். ஆனால் பாடசாலையின் நடைமுறைக்குப் பொறுப்பேற்றுக் கூட்டத்தில் அமர்ந்து, கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர்கள் அருகிவிட்டார்கள்.

இந்த உரை முன்வைக்கும் கருத்து ஒன்றே. பாடசாலையின் தன்னார்வ நிர்வாகிக்கு முதற்கடமை பணம் திரட்டுவது அன்று. பாடசாலை தன் எல்லைக்குள் வாழும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தன் வேலையைச் செய்கிறதா என்று கேட்பதும், தன் முடிவுகளுக்கு ஊருக்குப் பதில் சொல்வதுமே அந்தக் கடமை. குடாநாட்டின் வரலாறு இதற்குச் சாதகமான சான்றுகளையும் தருகிறது. கடுமையான எச்சரிக்கைகளையும் தருகிறது. இரண்டையும் ஆறு தலைப்புகளில் பார்ப்போம்.

1. ஊர் தானே தொடங்கிய கதை

அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். தானியேல் பூர் அதன் முதல் அதிபர். ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானவியலும் அங்கே உயர்ந்த தரத்தில் கற்பிக்கப்பட்டன. 1855இல் அது மூடப்பட்டது. கிராமங்களில் தாய்மொழிக் கல்வியும் சமயப் பணியுமே போதும் என்ற மிசன் தலைமையின் கொள்கை, ரூபஸ் அண்டர்சன் என்னும் செயலாளரின் வருகைக்குப் பின் நடைமுறைக்கு வந்தது. முடிவின் வேர் அமெரிக்காவில் இருந்தது. விளைவு வட்டுக்கோட்டைப் பிள்ளைகளின் தலையில் விழுந்தது.

அடுத்து நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். செமினரியில் படித்த உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் உயர்கல்வி வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள். தாங்களும் பணம் சேர்த்தார்கள். 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. அதன் பணிப்பாளர் சபையில் மிசனரிமாரோடு தமிழரும் அமர்ந்தார்கள். மூலநிதி அமெரிக்காவில் ஒரு தர்மகர்த்தா சபையிடம் இருந்தது. பணம் ஓரிடத்திலும் நடைமுறைப் பொறுப்பு இன்னோரிடத்திலும் இருந்தால் என்ன இழுபறிகள் வரும் என்பதைக் குடாநாடு அப்போதே படிக்கத் தொடங்கிவிட்டது.

சைவர் பக்கத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிசன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாரோடு பணியாற்றியதால், ஒரு பாடசாலை எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதை உள்ளிருந்தே அறிந்தவர் அவர். வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்தும் அன்பர்களிடம் பொருள் கேட்டும் பாடசாலையை நடத்தினார். அரசாங்க உதவி நன்கொடை பல ஆண்டுகள் கழித்தே கிடைத்தது.

நாவலருக்குப் பின் அந்தப் பொறுப்பு தனிமனிதரிடமிருந்து சபைகளின் கைக்குச் சென்றது. 1888இல் சைவ பரிபாலன சபை உருவானது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையை அது ஏற்று, 1890இல் வண்ணார்பண்ணையில் நடத்தத் தொடங்கியது. அதுவே இன்றைய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. காலப்போக்கில் அதற்கெனத் தனியான பணிப்பாளர் சபை அமைந்தது. வேறு ஊர்களின் இந்துக் கல்லூரிகளும் அச்சபையின் கீழ் வந்தன. தொடங்கியவர் மறைந்த பின்னும் பாடசாலை நிலைக்க வேண்டுமானால் சபை வேண்டும் என்பதைச் சைவப் பெரியோர் உணர்ந்திருந்தார்கள்.

2. மனேஜரின் மேசை

1869இல் பொதுக் கல்வித் திணைக்களம் உருவாகி, உதவி நன்கொடை முறை நடைமுறைக்கு வந்தது. அரசின் பார்வையில் ஒவ்வோர் உதவி பெறும் பாடசாலைக்கும் ஒரு மனேஜர் இருக்க வேண்டும். பணம் அவர் கையில் வரும். குறைக்கு அவரே பதில் சொல்ல வேண்டும். பரிசோதகர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். பிள்ளைகள் தேறினால் நன்கொடை கூடும்; தவறினால் குறையும். வரவுப் பதிவேடு, கட்டடம், தளபாடம், ஆசிரியர் தகைமை எல்லாமே பார்க்கப்படும்.

கடினமான வேலை இது. இந்த வேலையில் வாழ்நாளைச் செலவிட்டவர்களில் முன்னால் நிற்பவர் சு. இராசரத்தினம். 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் நிறுவப்பட்டது. மக்கள் அதனை ‘இந்து போட்’ என்றே அழைத்தார்கள். அவரையும் ‘இந்து போட் இராசரத்தினம்’ என்றே அழைத்தார்கள். ஒரு மனிதரின் பெயரோடு ஒரு நிர்வாகச் சங்கத்தின் பெயர் ஊர்வாயில் ஒட்டிக்கொள்வது சாதாரணமாக நடப்பதில்லை. குடாநாட்டிலும் அதற்கு வெளியிலும் நூற்றுக்கு மேற்பட்ட சைவப் பாடசாலைகள் அச்சங்கத்தின் கீழ் இயங்கின. திருநெல்வேலியில் ஆசிரிய கலாசாலையும் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லமும் எழுந்தன.

அந்தத் திட்டத்தின் ஒழுங்கைப் பாருங்கள். பாடசாலைகளைத் திறந்தால் ஆசிரியர் வேண்டும்; ஆகவே ஆசிரிய கலாசாலை. வறுமையால் பாடசாலைக்கு வர முடியாத பிள்ளைக்கு உணவும் இருப்பிடமும் வேண்டும், ஆகவே இல்லம். ஒரு கட்டடத்தோடு மனநிறைவு கொள்ளாமல், அடுத்த தேவை என்ன என்று கேட்டவர்களின் வேலை அது.

இதே காலத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கான கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியையும் தம் பொருளில் நிறுவினார். பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் தெல்லிப்பழையில் மகாஜனாவைத் தொடங்கினார். செல்வர் ஒருவரும் புலவர் ஒருவரும் சங்கம் ஒன்றும் வெவ்வேறு வழிகளில் செய்த வேலை இது. பரமேஸ்வராவின் வளாகத்தில்தான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. நன்றாக நிறுவப்பட்ட பாடசாலையின் பயன் நிறுவியவரின் கணக்கையும் கடந்து செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குடாநாட்டில் இல்லை.

3. வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள்

அவையோரே, இதுவரை சொன்னது பெருமைக்குரியது. இனிச் சொல்வது வெட்கத்துக்குரியது. அதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பொருளைப் பேச முடியாது.

ஊர் நடத்திய பாடசாலையில் ஊர் என்பது யார்? நிர்வாக சபைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் காணியும் தொழிலும் உடைய சாதியினர். ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகளின் கதவு திறக்கப்படவில்லை. திறந்த இடங்களிலும் சிலவற்றில் அவர்கள் வாங்கில் இருக்க விடப்படாமல் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கல்வித் திணைக்களம் வற்புறுத்தியபோது, குடாநாட்டில் எதிர்ப்பு வெடித்தது. பாடசாலைகளுக்குத் தீ வைக்கப்பட்டது.

கல்விக்காகக் கைப்பொருளைக் கொடுத்த அதே சமூகம், இன்னொரு பிள்ளை வாங்கில் இருப்பதைப் பொறுக்க மாட்டாமல் தீ வைத்தது. தன்னார்வம் தானாகவே நீதியைக் கொண்டு வராது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஒதுக்கப்பட்டவர்கள் கைகட்டி நிற்கவில்லை. வடமராட்சியில் கா. சூரன் 1914இல் தேவரையாளியில் ஒரு சைவ வித்தியாசாலையை உருவாக்கினார். தம் மக்களின் உழைப்பிலும் சேமிப்பிலும் அதை வளர்த்தார். இன்று அது தேவரையாளி இந்துக் கல்லூரி. குடாநாட்டின் தன்னார்வ நிர்வாக வரலாற்றில் சூரனின் இடம் நாவலருக்கும் இராசரத்தினத்துக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். மற்றவர்கள் தங்களிடம் இருந்ததில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். சூரனோ மறுக்கப்பட்ட ஒன்றை மக்களைத் திரட்டி உருவாக்கினார்.

பின்னர் ஒடுக்கப்பட்ட மக்களின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபை அரசாங்கத்தை நாடியது. பிற்காலத்தில் நாடாளுமன்றத்தின் நியமன உறுப்பினரான எம். சி. சுப்பிரமணியம் போன்றோரின் முயற்சியால் 1950களில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் இடங்களில் அரச பாடசாலைகள் திறக்கப்பட்டன. ஊர் நிர்வாகம் மறுத்ததை அரசிடம் கேட்டுப் பெற வேண்டியிருந்தது என்பதை ஒவ்வொரு சபையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

4. 1960: எடுத்ததும் இழந்ததும்

கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. திட்டத்தில் சேர்ந்த பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. நிர்வாகம் பெரும்பாலும் பழைய கைகளிலேயே இருந்தது. பொதுப்பணத்தில் சம்பளம், தனியார் கையில் நியமனம் என்ற இந்த முறை நீடிக்க முடியாதது. மனேஜரின் விருப்பு வெறுப்பில் ஆசிரியரின் வேலை தங்கியிருந்தது. உறவும் சாதியும் சமயமும் நியமனங்களில் பேசின.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கீழ்க் கொண்டு வந்தன. முதல் சட்டம் நிர்வாகத்தை எடுத்தது. இரண்டாவது சட்டம் காணியையும் கட்டடத்தையும் எடுத்தது. இந்து போட்டின் பாடசாலைகளும் மிசன் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவையும் கைமாறின. யாழ்ப்பாணக் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி, புனித பத்திரிசியார் கல்லூரி போன்ற சில தனியார் பாடசாலைகளாகவே நின்றன.

சுவீகரிப்பை ஒரு சொல்லில் நல்லது என்றோ கெட்டது என்றோ தீர்ப்பளிக்க முடியாது. ஆசிரியருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லும் அதிகாரம் தனிச் சபைகளிடமிருந்து நீங்கியது. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் அதே நாளில் இன்னொன்றும் போயிற்று. தன் ஊர்ப் பாடசாலைக்குச் சட்டப்படி பொறுப்பான ஒரு மனிதர், கதவைத் தட்டிக் கேட்கக்கூடிய ஒரு முகவரி, இல்லாமல் போனது. பொறுப்பு கொழும்புக்கும், 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின் மாகாணத்துக்கும் வலயத்துக்கும் சென்றது.

ஊர் கைவிடவில்லை, ஆனால் அதன் பங்கு மாறியது. நிர்வாகியாக இருந்தவர் நன்கொடையாளரானார். போர்க்காலத்தில் அந்தப் பங்கு இன்னும் பெருகியது. 1990இல் தெல்லிப்பழையிலிருந்து மக்கள் பெயர்ந்தபோது மகாஜனாவும் யூனியன் கல்லூரியும் வேறு ஊர்களில் இயங்கின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தபோது பாடசாலைகள் அகதி முகாம்களாயின. மர நிழலில் வகுப்புகள் நடந்தன. சம்பளமின்றியும் சிறு கொடுப்பனவோடும் தொண்டர் ஆசிரியர்கள் கற்பித்தார்கள். புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள் கூரையையும் ஆய்வுகூடத்தையும் மீட்டுக் கொடுத்தன. அந்த உதவி இல்லாவிட்டால் பல பாடசாலைகள் தலைநிமிர்ந்திரா.

5. இன்றைய சபைகள் எங்கே தளர்கின்றன

இன்று அரச பாடசாலை ஒவ்வொன்றிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் அதன் உறுப்பினர். 2006 முதல் படிப்படியாக வந்த பாடசாலை மேம்பாட்டுத் திட்டம் பெற்றோர், பழைய மாணவர், ஆசிரியர் பிரதிநிதிகளைக் கொண்ட அபிவிருத்திக் குழுவுக்கும் இடம் கொடுத்தது. தாளில் பார்த்தால் ஊரின் குரலுக்கு இடம் இருக்கிறது.

ஆனால் சங்கத்தின் தலைவர், பதவி வழியாக, அதிபரே. அதிபரின் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய கூட்டத்துக்கு அதிபரே தலைமை தாங்குகிறார். இது எந்த அதிபரின் குறையும் அல்ல, அமைப்பின் குறை. நல்ல அதிபருக்கும் இது சுமையே. கடினமான முடிவில் தோள் கொடுக்க அவருக்கு ஒரு சபை கிடைப்பதில்லை.

வெளியே பார்த்தால் வேறு வழிகள் தெரிகின்றன. இங்கிலாந்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் ஊதியமின்றிப் பாடசாலை நிர்வாக சபைகளில் இருக்கிறார்கள். பதவிக்காலம் பொதுவாக நான்கு ஆண்டுகள். பாடசாலையில் சம்பளம் பெறும் எவரும் அங்கே சபைத் தலைவராக முடியாது. திசையைத் தீர்மானிப்பது, அதிபரிடம் பெறுபேறுகளுக்குக் கணக்குக் கேட்பது, பணம் ஒழுங்காகச் செலவாவதை உறுதி செய்வது ஆகிய மூன்றே அவர்களின் வேலை. வகுப்பறைக்குள் புகுந்து ஆசிரியரை ஏவுவது அந்த மூன்றில் இல்லை.

இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பாடசாலை மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பின்தங்கிய பிரிவினரின் பிள்ளைகளுடைய பெற்றோருக்கு அவர்களின் தொகைக்கேற்ற இடமும் உண்டு. 2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 20 பேர் கொண்ட குழுக்கள் மறுபடி அமைக்கப்பட்டன. தலைமை பெற்றோரிடம் கொடுக்கப்பட்டது. குடாநாடு 1930இல் கேட்க மறுத்ததை இந்தச் சட்டம் எழுத்தில் வைத்திருக்கிறது.

நம் தனியார் பாடசாலைகளின் நிலை அரச பாடசாலைகளின் நிலைக்கு நேர்மாறானது. அங்கே சபைகளுக்கு மெய்யான அதிகாரம் உண்டு. அதற்குரிய வெளிப்படைத்தன்மைதான் போதாது. 2016 செப்டெம்பரில், 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரியில், அதிபர் மாற்றத்தை எதிர்த்து மாணவிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். அந்த முடிவின் சரி பிழையை இங்கே தீர்ப்பது நோக்கமல்ல. ஒரு சபை எடுத்த முடிவின் காரணம் பெற்றோரையும் பிள்ளைகளையும் உரிய காலத்தில் சென்றடையாவிட்டால், அதன் விலையைப் பிள்ளைகளே கொடுப்பார்கள்.

6. சபை செய்ய வேண்டியவை

வரலாறு தரும் பாடங்களைத் தொகுத்தால் ஐந்து மாற்றங்கள் தேவைப்படுகின்றன.

முதலாவது, அதிபர் நிர்வாகத்தை நடத்தட்டும். சபைக்குத் தலைமை ஒரு பெற்றோரிடமோ ஊரவரிடமோ இருக்கட்டும். அதிபரைத் தலைவராக்கும் விதி மாறும்வரை, நிதி ஆய்வுக்கென ஒரு பெற்றோரின் தலைமையில் உபகுழு அமைப்பதை எந்த அதிபரும் ஏற்கலாம்.

இரண்டாவது, பதவிக்காலத்துக்கு எல்லை வேண்டும். இருபது ஆண்டுகள் ஒரே முகம் இருந்தால் அந்தச் சபையில் கேள்வி செத்துவிடும்.

மூன்றாவது, யாருடைய பிள்ளைகள் பாடசாலையில் பின்தங்குகிறார்களோ அவர்களின் பெற்றோருக்குச் சபையில் இடம் உறுதிசெய்யப்பட வேண்டும். கடற்றொழிலாளரும் கூலித்தொழிலாளரும் கணவனைப் போரில் இழந்து குடும்பம் நடத்தும் தாய்மாரும் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வைக்க வேண்டும். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, அவர்களுக்கு அக்கறையில்லை என்று சொல்வது நேர்மையாகாது.

நான்காவது, வெளிநாட்டுப் பணம் பாடசாலையின் திட்டத்துக்குப் பின்னால் வர வேண்டும். திட்டம் பணத்துக்குப் பின்னால் ஓடக் கூடாது. ஒரு பாடசாலைக்கு வேண்டியது கணித ஆசிரியராகவும் மாணவிகளுக்கான மலசலகூடமாகவும் இருக்கும்போது, கொடுப்பவர் விரும்பினார் என்பதற்காக அலங்கார வளைவு எழுப்புவதைச் சபை மறுக்க வேண்டும். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்ற ஐந்து வலயங்களிலும் பெயர் பெற்ற பெரிய பாடசாலைக்கே பழைய மாணவர் பலம் குவிகிறது. தீவகத்தின் சிறிய பாடசாலைக்கு வெளிநாட்டில் சங்கம் இருப்பதில்லை. பெரிய பாடசாலையின் சங்கம் தன் அயலில் உள்ள ஒரு சிறிய பாடசாலைக்கும் கைகொடுப்பதை வழக்கமாக்கலாம்.

ஐந்தாவது, சபை எண்ண வேண்டியவற்றை மாற்ற வேண்டும். மூன்று ஏ எடுத்தவர்களின் படங்கள் மதிலில் தொங்குகின்றன. தரம் 6இல் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினார்கள்? வாசிக்கத் தெரியாமல் தரம் 9இல் இருக்கும் பிள்ளைகள் யார்? தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போனார்கள்? மனேஜர்மார் காலத்துப் பரிசோதகர் வரவுப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார். அந்தப் பழக்கத்தைச் சபை திரும்பவும் கைக்கொள்ள வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெருந்தொகைப் பணம் வேண்டாம். மாலை நேரமும், கணக்கை வாசிக்கும் பொறுமையும், தெரிந்தவர் முகத்துக்கு நேரே கேள்வி கேட்கும் துணிவும் வேண்டும். இராசரத்தினமும் சூரனும் இவற்றையே கொடுத்தார்கள்.

பெற்றோரே, பழைய மாணவர்களே, உங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். கணக்காய்வு செய்யப்பட்ட வரவு செலவை எழுத்தில் கேளுங்கள். இடைவிலகிய பிள்ளைகளின் தொகையைக் கேளுங்கள். செயற்குழுவுக்குப் பெயர் கேட்கும்போது உங்கள் பெயரைக் கொடுங்கள். உங்களோடு, இதுவரை எந்தச் சபையிலும் அமராத ஒரு குடும்பத்தின் பெயரையும் முன்மொழியுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் அன்பர்களே, அடுத்த தொகையை அனுப்பும் முன் பாடசாலையின் மூன்றாண்டுத் திட்டத்தை அனுப்பச் சொல்லி வாசியுங்கள். இந்த அவையில் இருப்பவர்களிடம் வைக்கும் வேண்டுகோள் இதுவே.